தலைகீழா நின்னா தைராய்டு போயிடுமா?

திருப்பூர் பக்கம் இருந்து ஒரு வாசகி நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க. அவங்க யாருன்னு தெரியற மாதிரி இருக்கறதை எல்லாம் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சுருக்கி சொல்றேன். வயசு 46, எடை 68 கிலோ, பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறாங்க, காலைல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் சிஸ்டம் முன்னாடிதான். ஒம்பது வருசமா தைராய்டு கம்மி, அதுக்கு தைராக்ஸின் 75 மாத்திரை. ரெண்டு வருசமா பிபி, அதுக்கு அம்லோடிபின் 5. சாயங்காலம் ஆனா செருப்பு இறுகற அளவுக்கு ரெண்டு காலும் வீங்குது, கெண்டைக்கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்குது, முடி கொத்து கொத்தா கொட்டுது, வலது பக்கம் கழுத்து வலி, அது அப்பப்ப கட்டைவிரல் வரைக்கும் மரத்துப்போற மாதிரி இறங்குது. அம்மாவுக்கு கண்ணுல பிரஷர்னு தினமும் ராத்திரி சொட்டு மருந்து போடறாங்கங்கறதை மட்டும் கடைசில போற போக்குல ஒரு வரியா எழுதியிருக்காங்க.

பக்கத்துத் தெரு மொட்டை மாடில நடக்கற யோகா கிளாஸுக்கு ரெண்டு மாசமா போறாங்க. தினமும் பத்து நிமிஷம் சிரசாசனம், பத்து நிமிஷம் சர்வாங்காசனம் (தோள்ல நின்னு காலை மேல தூக்கறது) பண்ணுங்க, மூணே மாசத்துல தைராய்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டுடலாம், முடி புதுசா முளைக்கும், மூளைக்கு ரத்தம் பாயும்னு மாஸ்டர் சொல்லியிருக்கார். இவங்களும் நம்பி மூணு வாரமா மாத்திரை போடலை. "ஒண்ணுமே ஆகலை டாக்டர், நல்லாத்தான் இருக்கேன், அப்போ ஆசனம் வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"னு கேக்கறாங்க. போன வாரம் சிரசாசனம் முடிச்சு எழுந்தப்ப இடது கண்ணு வெள்ளைல ரத்தத் திட்டு. அதைப் பாத்த வீட்டுக்காரர் "மூளை நரம்பு வெடிச்சு சாகப்போறே"ன்னு சத்தம் போட்டு கிளாஸுக்கே போகக்கூடாதுங்கறார். தொடரலாமா விடலாமா, பீரியட்ஸ் நாள்ல பண்ணலாமா, இதுதான் கேள்வி.

வணக்கம்மா. உங்க மாஸ்டரையும் நம்பாதீங்க, வீட்டுக்காரர் சொல்றதையும் அப்படியே எடுத்துக்காதீங்க. தலைகீழ் ஆசனங்கள்ல நல்லது இருக்குங்க, நிஜமாவே இருக்கு, ஆனா அவர் சொன்ன இடத்துல இல்லை. ஆபத்தும் இருக்கு, அதுவும் உங்க வீட்டுக்காரர் பயப்படற இடத்துல இல்லை. உங்களுக்குன்னு பாத்தா பெரிய விஷயம் அம்மா கண்ணைப் பத்தி நீங்க எழுதின அந்தக் கடைசி வரில இருக்கு, அதுக்கு வரேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு.

மாத்திரையை நாளைக்குக் காலைல இருந்து போட ஆரம்பிங்க

"மூணு வாரமா ஒண்ணும் ஆகலை"ங்கறீங்க இல்லையா, அதுக்குக் காரணம் சர்வாங்காசனம் இல்லை, ஒம்பது வருசமா நீங்க ஒழுங்கா போட்ட மாத்திரைதான். தைராக்ஸின் உடம்பை விட்டு ரொம்ப மெதுவாத்தான் போகும், பாதி அளவு குறையவே சுமார் ஏழு நாள் ஆகும், மிச்சத்துல பாதி குறைய இன்னொரு ஏழு நாள். அதனால நிறுத்தின உடனே எதுவும் தெரியாது, அந்த இடைவெளில எதைப் பண்ணிட்டு இருந்தாலும் அதுதான் குணமாக்குதுன்னு தோணும், ஆசனமா இருந்தாலும் சரி கொத்தமல்லி ஜூஸா இருந்தாலும் சரி. இனிமேத்தான் அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்காதது, எடை ஏறறது எல்லாம் ஒவ்வொண்ணா வரும், வந்ததுக்கு அப்புறம் "வயசாயிடுச்சு"ன்னு நினைச்சுக்குவீங்க.

தைராய்டு கம்மியா இருக்கறவங்கள்ல நிறைய பேருக்கு நடக்கறது என்னன்னா நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தியே அந்த சுரப்பியைத் தாக்கி கொஞ்சம் கொஞ்சமா அழிச்சுடுது. அங்க ரத்தம் பத்தாம இல்லைங்க, சொல்லப்போனா உடம்புல அதோட சைஸுக்கு ரொம்ப அதிகமா ரத்தம் போற இடங்கள்ல தைராய்டும் ஒண்ணு. அப்படி இருக்கப்ப தாடையை நெஞ்சுல அழுத்தி இன்னும் ரத்தத்தைப் பாய்ச்சி என்ன ஆகப்போகுது. சர்வாங்காசனத்தை நம்பி மாத்திரையை நிறுத்தலாம்னு சொல்றதுக்கு உருப்படியான ஆதாரம் எதுவும் கிடையாது. அதனால பழைய அளவே, வெறும் வயித்துல, காப்பிக்கு அரை மணி நேரமாவது முன்னாடி. உங்க டாக்டர்கிட்ட நிறுத்தின விஷயத்தை மறைக்காம சொல்லிடுங்க, ஆறுல இருந்து எட்டு வாரம் கழிச்சு டிஎஸ்ஹெச்ங்கற தைராய்டு ரத்த டெஸ்ட் பாத்தாத்தான் சரியான நிலவரம் தெரியும், நாளைக்கே ஓடிப்போய் பாத்து குழம்ப வேண்டாம்.

முடி விஷயத்துலயும் இதே கதைதான். தைராய்டு கம்மியானாலே முடி கொட்டும், அதுவும் உடனே இல்லாம ரெண்டு மூணு மாசம் கழிச்சு. முடி வளரணும்னு மாத்திரையை நிறுத்திட்டு தலைகீழா நிக்கறீங்க, மாத்திரையை நிறுத்தினதோட பலனா ரெண்டு மூணு மாசத்துல இன்னும் கொட்டும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்புல இரும்புச்சத்து இருப்பைக் காட்டற டெஸ்ட்) ரெண்டும் பாத்துக்கோங்க, 46 வயசுல பீரியட்ஸ்ல ரத்தம் ஜாஸ்தி போறவங்களுக்கு இரும்புச்சத்து காலியாகி முடி கொட்டறதை நான் ஓபில தினமும் பாக்கறேன்.

தலைகீழா நின்னா நரை போகும்னும் சொல்லுவாங்க, அது எங்கிருந்து வந்துச்சுன்னா, 15ம் நூற்றாண்டு யோக நூலான ஹடயோக பிரதீபிகைல விபரீதகரணி, அதாவது தலை கீழயும் கால் மேலயும் இருக்கற நிலை பத்தி வர்ற இடத்துல ஆறு மாசத்துல நரையும் தோல் சுருக்கமும் போயிடும்னு இருக்கு. அதே இடத்துல தினமும் ஒரு யாமம், அதாவது மூணு மணி நேரம் பண்றவன் எமனையே ஜெயிப்பான்னும் இருக்கு, அதை மட்டும் எந்த மாஸ்டரும் கிளாஸ்ல சொல்றது கிடையாது. அவங்க பார்வை வேற, அண்ணாக்குல இருந்து சொட்டற அமிர்தத்தை தொப்புள்ல இருக்கற சூரியன் எரிச்சுடறான், உடம்பைக் கவிழ்த்தா அது மிச்சமாகும்ங்கற கணக்கு. அந்தக் கணக்குல தைராய்டுங்கற பேச்சே கிடையாது. அது பிற்காலத்துல ஆசனங்களுக்கு டாக்டர் பாஷைல விளக்கம் சொல்ல ஆரம்பிச்சப்ப வந்து ஒட்டிக்கிட்டது.

கண்ணுதான் எனக்குக் கவலை

அந்த ரத்தத் திட்டு பாக்கத்தான் பயங்கரமா இருக்கும். கண் வெள்ளைக்கு மேல இருக்கற மெல்லிசான தோலுக்கு அடில ஒரு சின்ன ரத்தக்குழாய் விட்டிருக்கு, வலி இல்லைன்னா, பார்வை மங்கலைன்னா, ஒண்ணு ரெண்டு வாரத்துல மஞ்சளாகி தானாவே கரைஞ்சுடும், மூளைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. உங்களுக்கு பிபி இருக்கறதால அன்னைக்கு பிபி எவ்வளவுன்னு பாத்திருக்கணும், இனிமேலாவது பாருங்க. என் கவலை அந்தத் திட்டு இல்லை, வெளில தெரியாத கண் உள்ளழுத்தம்.

கண்ணுக்குள்ள ஒரு நீர் எப்பவும் ஊறி எப்பவும் வடிஞ்சுக்கிட்டே இருக்கும். சாதாரணமா அழுத்தம் 10ல இருந்து 21 மில்லிமீட்டருக்குள்ள. அந்த நீர் கடைசியா வடியறது ரத்தக்குழாய்க்குள்ளதான், தலைகீழா நிக்கறப்ப முகத்துலயும் கண்ணச் சுத்தியும் இருக்கற சிரைகள்ல ரத்தம் தேங்கி அழுத்தம் ஏறுது, வடிகால் எதிர்த்து நிக்குது, உடனே கண்ணுக்குள்ளயும் ஏறுது. எவ்வளவு ஏறுதுன்னு நம்ம சென்னை சங்கர நேத்ராலயால இருக்கறவங்களே அளந்து 2006ல வெளியிட்டிருக்காங்க, சிரசாசனம் பழகின 75 பேரை நிக்க வெச்சுப் பாத்ததுல கண் அழுத்தம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆச்சு. அதுலயே ஒரு ஆறுதலான சங்கதியும் உண்டு, அந்தப் பழகினவங்ககிட்ட சாதாரண நேரத்துல கண் அழுத்தம் கூடிப்போன நிலை மத்தவங்களைவிட அதிகமா இல்லை. அதாவது நல்ல கண்ணு இந்த ஏத்த இறக்கத்தைத் தாங்கிக்குது.

ஆனா உங்க அம்மாவுக்கு இருக்கறது பெரும்பாலும் கிளாக்கோமா, கண் அழுத்தத்தால பார்வை நரம்பு நலியற வியாதி. அது அப்பா அம்மா, கூடப்பொறந்தவங்களுக்கு இருந்தா நமக்கு வர்ற வாய்ப்பு பல மடங்கு கூடுது, 40 வயசைத் தாண்டினா இன்னும் கூடுது. இதுல கொடுமை என்னன்னா வலிக்காது, எரியாது, பக்கவாட்டுப் பார்வைதான் முதல்ல ஓரமா அரிச்சுக்கிட்டுப் போகும், நேரா பாக்கறது கடைசி வரைக்கும் நல்லாவே இருக்கும், அதனால ரொம்பப் பேருக்கு தனக்கு இருக்கறதே தெரியாது. போன பார்வை திரும்ப வராது. ஏற்கனவே நலிஞ்ச கண் நரம்புக்கு தினமும் பத்து நிமிஷம் ரெண்டு மடங்கு அழுத்தம் குடுக்கறது தேவையில்லாத சூதாட்டம், கிளாக்கோமா உள்ளவங்களுக்கு சிரசாசனத்தோட சேர்ந்து பார்வை நரம்பு மோசமானதா தனித்தனி கேஸ்கள் மருத்துவ இதழ்கள்ல வந்திருக்கு.

சிரசாசனத்தை விட்டுட்டா போதுமான்னு கேட்டா, அதுவும் இல்லை. 2015ல நியூயார்க்ல ஒரு கண் ஆஸ்பத்திரில நாலு ஆசனத்துல அளந்தாங்க. எல்லாத்துலயும் அழுத்தம் ஏறுச்சு, அதிகமா ஏத்தினது எதுன்னு நினைக்கறீங்க, சூரிய நமஸ்காரத்துல வர்ற அதோமுக ஸ்வானாசனம், கையும் காலும் தரைல ஊனி இடுப்பைத் தூக்கி நிப்போமே அது. சுவத்துல கால் தூக்கி வெக்கற விபரீதகரணில ஏறினதுதான் நாலுலயே கம்மி. நிமிர்ந்து உக்காந்து ரெண்டு நிமிஷத்துல கிட்டத்தட்ட பழையபடி இறங்கிடுச்சு.

அதனால கண் டாக்டரைப் பாக்கற வரைக்கும் சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் (படுத்து காலைத் தலைக்குப் பின்னாடி கொண்டு போறது), ஸ்வானாசனம் நாலும் வேண்டாம். கண்ணாடிக் கடைல பவர் பாக்கறது கணக்கில்லைங்க, அதுல இது தெரியாது. "எங்க அம்மாவுக்கு கிளாக்கோமா, நான் தலைகீழ் ஆசனம் பண்றேன்"னு ரெண்டையும் சேத்துச் சொன்னீங்கன்னா அவங்களே பிரஷர் அளந்து, சொட்டு மருந்து போட்டு நரம்பைப் பாத்து, தேவைப்பட்டா பக்கவாட்டுப் பார்வையை அளக்கற ஃபீல்டு டெஸ்ட்டும் எடுப்பாங்க. மைனஸ் பவர் அதிகமா இருக்கறவங்க, சுகர்னால விழித்திரை பாதிச்சவங்க, சமீபத்துல கண் ஆபரேஷன் ஆனவங்களுக்கும் இதே அறிவுரைதான்.

கழுத்து சொல்றதையும் கேளுங்க

"பாட்டிங்க தலைல குடம் சுமந்தாங்களே, கழுத்துக்கு என்ன ஆச்சு"ன்னு மாஸ்டர் கேட்டாராமே. அவங்க சின்ன வயசுல இருந்து பழகினவங்க, சும்மாடு வெச்சு கழுத்தை நேரா வெச்சு நடந்தவங்க, அப்படியும் கழுத்து தேய்ஞ்சு போனவங்க எத்தனை பேர்னு யாரும் எண்ணலை. சிரசாசனத்துல தலைலயும் கழுத்துலயும் எவ்வளவு பாரம் இறங்குதுன்னு பழகினவங்களை வெச்சே அளந்துருக்காங்க, உச்சத்துல உடம்பு எடைல 40ல இருந்து 48 சதவீதம். உங்க 68 கிலோவுக்குக் கணக்கு போட்டா 27ல இருந்து 33 கிலோ. ஒரு சிப்பம் அரிசி 25 கிலோ. நாள் பூரா கழுத்தை முன்னாடி நீட்டி மானிட்டரைப் பாக்கற, ஏற்கனவே கட்டைவிரல் வரைக்கும் மரத்துப்போற கழுத்து மேல அதை வெக்கறீங்க. அந்த மரப்பு கழுத்தெலும்புக்கு நடுவுல வர்ற நரம்பு நசுங்கறதோட அடையாளமா இருக்கலாம், எலும்பு டாக்டரையோ பிசியோவையோ பாக்காம இதைத் தொடரக்கூடாது. கைல பிடி தளர்றது, பொருள் நழுவறது இருந்தா தள்ளிப்போடவே வேண்டாம்.

சர்வாங்காசனமும் சாது கிடையாதுங்க. தோளுக்கு அடில மடிச்ச போர்வை மூணு நாலு வெச்சு, தலை அதைவிடத் தாழ இருந்தாத்தான் கழுத்து அவ்வளவா மடங்காது. வெறும் தரைல மேட் போட்டுப் பண்ணா மொத்த மடிப்பும் கழுத்தோட அடிப்பகுதிலதான் விழும். உங்க கிளாஸ்ல போர்வை குடுக்கறாங்களான்னு எழுதலை, அநேகமா இருக்காது.

மூளை நரம்பு வெடிக்குமா

வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கு அப்படியெல்லாம் வெடிக்காது. நின்னாலும் படுத்தாலும் தலைகீழா தொங்கினாலும் மூளைக்குப் போற ரத்தம் நிமிஷத்துக்கு முக்கால் லிட்டர் வாக்குல கிட்டத்தட்ட ஒரே அளவா இருக்கற மாதிரி அங்க இருக்கற ரத்தக்குழாய்களே சுருங்கியும் விரிஞ்சும் பாத்துக்கும். இதே காரணத்தாலதான் மாஸ்டரோட "மூளைக்கு ரத்தம் பாயும், ஞாபக சக்தி கூடும்"ங்கறதும் நிக்காது. முகம் சிவக்குதே, அது மூளை இல்லை, முகத்துத் தோல்ல சிரைகள் நிறைஞ்சு நிக்கறது.

ஆனா அவரோட பயம் முழுக்க சும்மாவும் இல்லை. கட்டுக்குள்ள வராத பிபியோட, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, தொடை நடுங்க நிக்கறது நல்லதில்லை. உங்க பிபி எவ்வளவுன்னே நீங்க எழுதலை. ஒரு வாரம் காலைலயும் ராத்திரியும் பாத்துக் குறிச்சு வைங்க. இன்னொண்ணு, பிபி மாத்திரை போடறவங்க தலைகீழ்ல இருந்து சடார்னு எழுந்தா தலை சுத்தி விழுவாங்க, முட்டி போட்டு நெத்தியைத் தரைல வெச்சு ஒரு நிமிஷம் கிடந்துட்டுத்தான் எழணும். கழுத்துல திடீர்னு முன்னாடி இல்லாத வலி, தலைசுத்தல், பேச்சு குழறல், ஒரு பக்கம் கை கால் இழுக்கறது, கண்ணுல மின்னல் அடிக்கறது, திரை விழற மாதிரி இருக்கறது, இதுல எது வந்தாலும் நேரா ஆஸ்பத்திரிதான், மாஸ்டருக்கு போன் போட்டுட்டு இருக்காதீங்க.

அப்போ நல்லதே இல்லையா?

இருக்கு, உங்க காலுக்கே இருக்கு. நாள் பூரா உக்காந்து கால்ல தேங்கின ரத்தமும் நீரும் காலை மேல தூக்கினா சுலபமா இறங்கும். படுத்தவங்க காலை 45 டிகிரி தூக்கிப் பிடிச்சாலே சுமார் 300 மில்லி ரத்தம் இதயத்துப் பக்கம் வருதுன்னு ஐசியூல நாங்களே அதை ஒரு சோதனையா பண்றோம். இதயத்துக்கு ரத்தம் நிறைஞ்சு வந்ததும் நாடி கொஞ்சம் மெதுவாகும், அந்த அமைதிதான் ஆசனம் முடிச்சதும் மனசு லேசா இருக்கற மாதிரி தெரியுதே அதுல ஒரு பங்கு. இதுக்கு கழுத்துல நிக்க வேண்டியதே இல்லை.

சுவரை ஒட்டி இடுப்பை வெச்சுப் படுத்து, வேணும்னா இடுப்புக்கு அடில ஒரு மடிச்ச பெட்ஷீட், ரெண்டு காலையும் சுவத்துல சாய்ச்சு, முட்டியை லேசா மடக்கி, கண்ணை மூடிக்கோங்க. அஞ்சு நிமிஷத்துல ஆரம்பிச்சு பத்து, பதினஞ்சு வரைக்கும் போகலாம். வேலை விட்டு வந்ததும், காப்பி டிபனுக்கு முன்னாடி பண்ணுங்க, சாப்பிட்டுப் பண்ணா நெஞ்செரிச்சல்தான் மிச்சம். எழும்போது ஒரு பக்கமா உருண்டு எழுங்க. நரம்பு சுருட்டினது இதுல மறையாது, கனமும் வீக்கமும் குறையும். கண் டாக்டர் கிளாக்கோமான்னு சொல்லிட்டா இதையும் அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

அந்த வீக்கத்துக்கு இன்னொரு காரணத்தையும் சொல்லணும், நீங்க போடற அம்லோடிபினே கணுக்கால் வீக்கம் வர வைக்கும், தைராய்டு கம்மியானாலும் வீங்கும். டாக்டர்கிட்ட கேட்டா பிபி மாத்திரையை மாத்திப் பாப்பார், நீங்களா நிறுத்தாதீங்க, ஒரு தடவை நிறுத்தினது போதும். ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா அது வேற விஷயம், அன்னைக்கே காட்டணும்.

சிரசாசனத்துக்குன்னு தனியா பாத்தா தோள், மேல்முதுகு, வயித்துத் தசை எல்லாம் வலுவாகும், பேலன்ஸ் வரும், நிக்கற நேரம் வேற எந்த யோசனையும் ஓடாது. நேரு சிரசாசனம் பண்றவர், அந்தக் கோமாளி மாதிரியான நிலை தன்னோட மனநிலையை நல்லா வெச்சுதுன்னு சுயசரிதைல எழுதியிருக்கார். யோகா குரு பி.கே.எஸ். அய்யங்கார் இதை ஆசனங்களுக்கு ராஜான்னே சொன்னார், ஆனா அவர் வழில வந்த ஆசிரியர்கள் தோளும் கழுத்தும் தயாராகாதவங்களை ஏத்த மாட்டாங்க. கண்ணும் கழுத்தும் பிபியும் சரின்னு சர்ட்டிபிகேட் வந்ததுக்கு அப்புறம் ஆசை இருந்தா முன்னங்கை பலத்துல இருந்து மெதுவா ஆரம்பிக்கலாம், பத்து நிமிஷம்லாம் உங்களுக்கு எதுக்கு. ரெண்டு ஸ்டூலுக்கு நடுவுல தோளைத் தாங்கி தலையைத் தொங்க விடற முறைல கழுத்து தப்பிக்கும், கண்ணு தப்பிக்காது, அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

பீரியட்ஸ் நாள்ல பண்ணா ரத்தம் உள்ள போயிடும்னு சொல்றது பழைய பயம். நிறைய பெண்களுக்கு தலைகீழா நிக்காமலே கொஞ்சம் குழாய் வழியா உள்ள போயிட்டுத்தான் இருக்கு, ஆசனத்தால நோய் வருதுன்னு நிரூபணம் இல்லை. போக்கு அதிகமா இருக்கற நாள்ல உடம்பு அசந்திருக்கும், விட்டுடுங்க, மத்தபடி உங்க இஷ்டம்.

கிளாஸை விடணுமாங்கறது நீங்க எடுக்க வேண்டிய முடிவு. மாஸ்டர்கிட்ட உங்க வியாதி லிஸ்ட்டைச் சொல்லி, "சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம், ஸ்வானாசனம் நாலும் வேண்டாம், மத்ததைச் சொல்லிக் குடுங்க"ன்னு கேளுங்க. மூச்சுப் பயிற்சி, திரிகோணாசனம், படுத்து இடுப்பைத் தூக்கற சேதுபந்தாசனத்தை முதுகுக்கு அடில தலகாணி குடுத்து, இதுலயே உங்களுக்கு வேணுங்கறது கிடைச்சுடும். ஒத்துக்கிட்டா நல்ல மாஸ்டர். "டாக்டர்ங்களுக்கு என்ன தெரியும், மாத்திரையை நிறுத்துங்க"ன்னு மறுபடி ஆரம்பிச்சா கட்டின பணம் போனாலும் போகட்டும்னு வந்துடுங்க, மருந்தை நிறுத்தச் சொல்ற உரிமை அவருக்குக் கிடையாது. யோகாவை வைத்தியமாவே பண்ணணும்னா அஞ்சரை வருசம் படிச்ச பிஎன்ஒய்எஸ் (யோகா, இயற்கை மருத்துவப் பட்டம்) டாக்டர்கள் இருக்காங்க, நம்ம அரசு ஆஸ்பத்திரிகள்ல பல இடத்துல யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கு, ஓபி சீட்டு போட்டுப் பாக்கலாம்.

கண் ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு ஸ்கூட்டில போகாதீங்க, சொட்டு மருந்து போட்டா நாலஞ்சு மணி நேரம் கண்ணு கூசும், மங்கலா இருக்கும், வீட்டுக்காரரையே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. அம்மா போடற மருந்து பாட்டிலை போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. உங்க கூடப்பொறந்தவங்க எத்தனை பேருன்னு எழுதலை, யோகா பண்றாங்களோ இல்லையோ அவங்க எல்லாரும் ஒரு தடவை கண் பிரஷர் பாத்துடணும், போன் பண்ணிச் சொல்லிடுங்க.